வடமதுரைக்கு வந்த நாய்த்தீனி

வடமதுரையில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலை விட்டு எந்தத் திசையில் நடந்தாலும் சற்று நேரத்தில் காடு வந்துவிடும். இங்கே காடு என்றால் மானாவாரி நிலம். சோளம், கம்பு, நிலக்கடலை என்று விதைத்துவந்த அந்தக் காடுகள் பலவற்றில் இப்போது மக்காச்சோளம் நிற்கிறது. ஐப்பசி மழையை நம்பி வளர்த்து, தை பிறந்ததும் கதிர் ஒடித்து, மெஷினில் அடித்து, களம் கிடைக்காதவர்கள் தார்ச்சாலை ஓரத்திலேயே பரப்பிக் காயவைப்பார்கள். சாக்கில் ஏறியதும் சரக்கு ஊரை விட்டுப் போய்விடும். விளைவித்தவர் வீட்டு அடுப்புக்கு ஒரு படிகூட வராது. பெரும்பகுதி கோழித்தீவனத்துக்குப் போவது. 2025-26ஆம் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அதாவது கிலோ 24 ரூபாய், அதுவும் வியாபாரி அந்த விலைக்கு எடுத்தால்.

இதே மக்காச்சோளத்தின் பங்காளி ஒருவன் பளபளக்கும் பையில், நாய்க்குட்டிப் படத்தோடு, கடைத்தெருவுக்குத் திரும்பி வருகிறான். அப்போது அவன் விலை கிலோ 250, 300 ரூபாய். வெளிநாட்டுப் பெயர் போட்ட பையாக இருந்தால் எழுநூறைத் தாண்டும். ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிற பையன்கள் முதல் சம்பளத்தில் ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ லாப்ரடாரோ வாங்கிக்கொண்டு வந்தவுடன் கேட்கிற கேள்வி, "எந்தக் கம்பெனி தீனி நல்லது?" என்பதுதான். கம்பெனிப் பெயரைச் சொல்வது எளிது. பத்து மடங்கு விலை எங்கே ஏறியது, அந்தப் பத்து மடங்கில் குட்டியின் வயிற்றுக்குப் போவது எவ்வளவு என்று பார்த்துவிட்டுச் சொல்வதுதான் நியாயம். அதற்கு அந்த உருண்டை எங்கே பிறந்து எந்த வழியாக வந்தது என்று தெரியவேண்டும்.

பிறந்தது கப்பலில். மாவும் தண்ணீரும் சேர்த்து, ஈரமே இல்லாமல் கல்லாகச் சுட்ட பிஸ்கட்டைத்தான் பாய்மரக் கப்பல் மாலுமிகள் மாதக்கணக்கில் தின்று கடல் கடந்தார்கள். இடிதாங்கி விற்கப் போன ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் மிச்ச பிஸ்கட்டுகளுக்கு நாய்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதை எப்படியோ, 1860 வாக்கில் அவர் கோதுமை மாவு, காய்கறி, பீட்ரூட், காய்ந்த மாட்டிறைச்சி எல்லாம் சேர்த்து நாய்க்கென்றே ஒரு பிஸ்கட் செய்து காப்புரிமையும் வாங்கிவிட்டார். வேட்டைநாய் வளர்க்கும் கனவான்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். பிஸ்கட்டில் இருக்கும் இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் அவர் கடைசிவரை வெளியே விடவில்லை என்பார்கள். இன்றும் பையின் பின்பக்கத்தில் "இறைச்சி மற்றும் இறைச்சி உபபொருட்கள்" என்று பொதுவாகப் போட்டு நிறுத்திக்கொள்கிறார்களே, அந்தப் பழக்கத்துக்கு வயது நூற்று அறுபதைத் தாண்டிவிட்டது.

ஸ்ப்ராட் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த சார்லஸ் க்ரஃப்ட் விற்பனையில் புலி. 1891இல் லண்டனில் அவர் தன் பெயரிலேயே நாய்க் கண்காட்சி ஒன்றைத் தொடங்கினார். இன்று உலகமே பார்க்கும் 'க்ரஃப்ட்ஸ்' அதுதான். நாய்க்குத் தீனி விற்றவரே நாய்க்குப் பரிசு கொடுக்கும் மேடையையும் போட்டார். தின்பது நாய், வாங்குவது மனிதன் என்ற கணக்கு இந்தத் தொழிலுக்கு ஆரம்பத்திலேயே புரிந்துவிட்டது. பையின் முன்பக்கம் மனிதனுக்காக அச்சடித்தது, பின்பக்கம்தான் நாய்க்கு. இதை நினைவில் வைத்துக்கொண்டால் கடையில் ஏமாற வாய்ப்பு குறைவு.

அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1920களில் அமெரிக்காவில் குதிரை இறைச்சியைத் தகர டப்பாவில் அடைத்து விற்றார்கள். இரண்டாம் உலகப்போர் வந்து தகரத்துக்கும் இறைச்சிக்கும் பங்கீடு போட்டதும் டப்பா போய் உலர்தீனி முன்னுக்கு வந்தது. உண்மையான திருப்பம் 1957இல். செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1894 முதல் குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் தீவனம் விற்றுவந்த ப்யூரினா கம்பெனி, காலை உணவுக்கான தானியப் பொரி செய்யும் இயந்திரத்தில் நாய்த்தீனியைப் போட்டுப் பார்த்து, அந்த ஆண்டு 'டாக் சௌ' என்று கடைக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அதிகம் விற்ற நாய்த்தீனி அதுதான்.

அதே 1957இல் இந்தப் பக்கத்து நாய்களின் இலை வேறு மாதிரி இருந்தது. வீட்டில் மோர்ச்சோறு, கேப்பைக்களி, பழையது, டீக்கடையில் பொறை, கறிக்கடை வாசலில் கொழுப்பும் ஜவ்வும், யோகம் இருந்தால் எலும்பு. காவல்நாயும் வேட்டைநாயும் அதில்தான் வளர்ந்தன. அப்படி வளர்ந்தவற்றில் கால் வளைந்தவையும், எட்டு மாதத்தில் செத்தவையும் கணக்கில் வராமலே போயின. நம் தாத்தா காலத்து நாய் பழையது தின்றே பதினைந்து வருஷம் இருந்தது என்று பேசுகிறவர்கள் தப்பிப் பிழைத்த நாயை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள்.

சரி, அந்த இயந்திரத்துக்குள் என்னதான் நடக்கிறது? மக்காச்சோளம், அரிசிக் குருணை, கோதுமை, சோயா, உலர்த்தி அரைத்த கோழித்தூள் எல்லாவற்றையும் மாவாக்கி, நீராவியும் தண்ணீரும் விட்டுப் பிசைகிறார்கள். அந்த மாவை ஒரு பெரிய திருகு, குழாய்க்குள் அழுத்திக்கொண்டே போகிறது. உள்ளே சூடு 120 முதல் 150 டிகிரி வரை ஏறும். குழாயின் முனையில் முறுக்கு அச்சு மாதிரி துளைகள் உள்ள தட்டு. வெளியே சுழலும் கத்தி. அழுத்தத்திலிருந்து விடுபட்ட நொடியில் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பாய, துண்டு உப்பிக்கொள்கிறது. பிறகு உலர்த்தி, ஈரத்தைப் பத்து சதவீதம் அளவுக்குக் கீழே இறக்குகிறார்கள். இந்த நிலையில் அதை நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதனால் கடைசியில் உருளும் தொட்டியில் போட்டு, உருக்கிய கொழுப்பையும், கோழி ஈரலையும் குடலையும் நொதிக்கவைத்து எடுத்த சாரத்தையும் மேலே தெளிக்கிறார்கள். பையைப் பிரித்ததும் நம் மூக்கைச் சுளிக்கவைத்து, குட்டியின் வாலை ஆட்டவைக்கும் மணம் அந்த மேற்பூச்சின் மணம்.

இதில் இரண்டு விஷயம் குட்டி வளர்ப்பவருக்குத் தேவை. ஒன்று, மாவுச்சத்து இல்லாமல் இந்த உருண்டை உருண்டையாகவே நிற்காது. "தானியமே இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்ட பையிலும் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு என்று ஏதோ ஒரு மாவு இருக்கும். நாய் ஓநாயின் வாரிசு, அதற்குத் தானியம் ஆகாது என்ற பேச்சை 2013இல் 'நேச்சர்' இதழில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று அசைத்துவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதி. நாய்க்கு 4 முதல் 30 வரை. மனிதன் வீட்டு வாசலில் கிடந்து கூழும் சோறும் தின்றே நாய் நாயாகியிருக்கிறது. தானியமில்லாத தீனிக்கும் இதயம் விரிந்து தளரும் நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் விசாரணையே தொடங்கியது. முடிவான விடை இன்னும் வரவில்லை. அந்த மாதிரிப் பைக்கு இரட்டைக் காசு கொடுக்க ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, அந்தச் சூட்டில் வைட்டமின்களில் ஒரு பகுதி போய்விடும். அதைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே கூடுதலாகச் சேர்க்கவேண்டும். கால்சியம், பாஸ்பரஸ், துத்தநாகம், செம்பு என்று கிராமிலும் மில்லிகிராமிலும் எடைபோட்டுக் கலக்கவேண்டும். மக்காச்சோளத்தை அரைக்க நம்மூர் மில் போதும். அந்தக் கலவைக் கணக்குதான் வீட்டில் செய்ய முடியாதது. பத்து மடங்கு விலையில் நாய்க்கு உதவுகிற பங்கு அதுதான். கறிக்கும் தானியத்துக்கும் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு நாம் அளவுக்குக் காசு கொடுக்கிறோம். மீதி பைக்கு, விளம்பரத்துக்கு, லாரிக்கு, வரிக்கு.

வரி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். கோழித்தீவனத்துக்கும் மாட்டுத்தீவனத்துக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. கடையில் விற்கும் நாய் உணவுக்கு 18 சதவீதம். ஒரே மக்காச்சோளம் கோழி அலகுக்குப் போனால் விவசாயம், நாய் வாய்க்குப் போனால் ஆடம்பரம். காட்டுக்கும் பட்டிக்கும் காவல் நிற்கிற நாயைப் பார்த்த யாரும் அப்படி ஒரு பட்டியல் போட்டிருக்க மாட்டார்கள்.

இந்தியாவில் இந்தத் தீனி எங்கே தயாராகிறது என்று பார்த்தால் கோழிதான் வழிகாட்டும். பக்கத்து உடுமலைப்பேட்டையில் 1980களில் தொடங்கிய சுகுணா, பண்ணையாளர்களுக்குக் குஞ்சும் தீவனமும் கொடுத்துக் கறிக்கோழி வளர்த்து வாங்கும் ஒப்பந்த முறையைப் பரப்பியது. திண்டுக்கல் சமவெளியில் நீளநீளமாக நிற்கும் கோழிக் கொட்டகைகள் அந்த முறையின் பிள்ளைகள். கறிக்கோழியை உரித்தால் எடையில் கால்பங்குக்கு மேல் தலை, கால், குடல், இறகு என்று கழிவாகப் போகும். பெரிய ஆலைகளில் இறகைத் தனியே எடுத்துவிட்டு மீதியை வேகவைத்து, கொழுப்பைப் பிரித்து, உலர்த்தித் தூளாக்குகிறார்கள். அதில் ஏறக்குறைய 65 சதவீதம் புரதம். நாய்த்தீனியின் உயிர்நாடி அந்தத் தூள். சிறு கடைக்காரர்களின் கழிவோ இன்னும் பல ஊர்களில் இரவோடு இரவாகச் சாலையோரம் கொட்டப்பட்டு, தெருநாய்களை அங்கே கூட்டிச் சேர்க்கிறது. கழிவு ஒன்றுதான், ஒன்று பையில் போகிறது, ஒன்று பள்ளத்தில் கிடக்கிறது. கழிவு என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கவேண்டாம். ஈரலும் குடலும் நாய்க்கு நல்ல சாப்பாடுதான்.

சத்தீஸ்கரின் ராஜ்நந்த்காவ்னில் கோழியும் தீவனமும் பெருந்தொழிலாகச் செய்யும் ஐ.பி. குழுமம்தான் 'ட்ரூல்ஸ்' தீனியையும் செய்கிறது. கோழி சொந்தம், தீவன ஆலை சொந்தம் என்றால் அடுத்த படி நாய்த்தீனி என்பது ப்யூரினா காட்டிய அதே பாதை. ப்யூரினாவை 2001இல் நெஸ்லே வாங்கியது. 2025இல் அதே நெஸ்லே ட்ரூல்ஸிலும் ஒரு சிறு பங்கு எடுத்தது. 'பெடிகிரி'யும் 'ராயல் கேனின்'னும் மார்ஸ் என்ற இன்னொரு மிட்டாய்க் கம்பெனியின் கையில். ராயல் கேனினைத் தொடங்கியவர் ஜான் கதாரி என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர். 1968இல் சொந்தமாகத் தீனி சமைத்து, தன்னிடம் வந்த நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தவர். கடைசியில் சாக்லேட் விற்கும் இரண்டு பெரிய வீடுகளிடம்தான் உலக நாய்களின் வயிறு வந்து சேர்ந்திருக்கிறது. நாய்க்குச் சாக்லேட் விஷம் என்பது கூடுதல் செய்தி.

மார்ஸின் இந்திய ஆலை ஹைதராபாத்துக்கு அருகே தெலங்கானாவில் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் பை 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து பெங்களூரு, சேலம், நாமக்கல், கரூர் என்று இறங்கினால் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டரில் திண்டுக்கல். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் வழியாக வரும்போது எதிர்ச்சாரியில் மக்காச்சோள லாரி போனாலும் போகும். இத்தனை தூரத்திலும் அந்தத் தீனிக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. பை ஒட்டியிருக்கிறது, வெளி ஈரமும் காற்றும் உள்ளே போவதில்லை. அது கெடுவது கடைசி இருபது கிலோமீட்டரில்.

திண்டுக்கல் மொத்தக் கடையிலிருந்து பத்து கிலோ, இருபது கிலோ மூட்டையாக வடமதுரை, அய்யலூர், வேடசந்தூர் பக்கம் போகும் தீனியை, அங்கே பல கடைகளில் வாயைப் பிரித்து வைத்துச் சில்லறையாக அளந்து விற்கிறார்கள். அங்கே நடக்கும் பேச்சு எப்போதும் ஏறக்குறைய இதுதான்:

"அண்ணே, நாய்க்குட்டிக்குத் தீனி வேணும்."

"எத்தன நாள் குட்டி தம்பி?"

"நாப்பத்தஞ்சு நாள் ஆச்சுண்ணே."

"அரைக் கிலோ போடவா, ஒரு கிலோ போடவா?"

என்ன சாதிக் குட்டி, என்ன எடை, இதுவரை என்ன தின்றது என்ற கேள்விகள் அங்கே வருவதில்லை. பாலிதீன் கவரில் அள்ளிப்போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கடைக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. மூன்று கிலோப் பையை ஒரே நாளில் வாங்க முடியாதவர்களுக்காகத்தான் மூட்டை பிரிகிறது. ஆனால் அந்த முடிச்சில் நான்கு விஷயம் தொலைந்துவிடுகிறது: தயாரித்த தேதி, யாருக்கான தீனி, சத்து விவரம், தினம் எத்தனை கிராம் என்ற அட்டவணை. குட்டித்தீனி தீர்ந்துபோய்ப் பெரிய நாயின் தீனியை அள்ளிக் கொடுத்தாலும் வாங்குகிறவருக்குத் தெரியாது. இரண்டும் ஒரே பழுப்பு நிறம்.

அதோடு, மேலே தெளித்த கொழுப்பு காற்றுப் பட்டதும் சிக்குப் பிடிக்க ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கடைக்குள் திறந்து கிடக்கும் மூட்டைக்கு இரண்டு வாரமே அதிகம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஆபத்து வேறு மாதிரி. மக்காச்சோளத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்லாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது நேராகக் கல்லீரலைத் தின்னும். சாலையோரத்தில் காயவைத்த மக்காச்சோளம் ஒரு மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று வடமதுரைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அமெரிக்காவில் 2005 இறுதியிலும் 2020 இறுதியிலும் இந்த நஞ்சு கலந்த தீனியால் ஒவ்வொரு முறையும் ஏராளமான நாய்கள் செத்து, விற்ற பைகளைத் திரும்பப் பெற்றார்கள். இரண்டு முறையும் வழி மக்காச்சோளம். திரும்பப் பெற முடிந்ததே பையில் தயாரிப்பு எண் இருந்ததால்தான். சில்லறைக் கவரில் வாங்கியவரிடம் எதை வைத்துத் திரும்பக் கேட்பது?

எனவே என் தீர்ப்பு இது: பெயர்பெற்ற விலை உயர்ந்த தீனியைக் கவரில் வாங்குவதைவிட, நடுத்தர விலைத் தீனியைச் சிறிய ஒட்டிய பையில் வாங்குவது மேல். ஒரு கிலோப் பை கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாக விழும். அந்தச் சில ரூபாய் நியாயமான செலவு.

இனி பையின் பின்பக்கம். முதலில் தேடவேண்டியது குட்டிக்கான தீனியா, பெரிய நாய்க்கானதா என்பது. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோ வகுத்த அளவுகளை இங்குள்ள கம்பெனிகளும் எடுத்தாள்கின்றன. ஈரம் நீக்கிய கணக்கில் வளரும் குட்டிக்குக் குறைந்தது 22.5 சதவீதம் புரதமும் 8.5 சதவீதம் கொழுப்பும் வேண்டும்; வளர்ந்த நாய்க்கு 18உம் 5.5உம் போதும். நம் கடைகளில் கிடைக்கும் குட்டித்தீனிகளில் பெரும்பாலானவை இந்தக் கோட்டைத் தாண்டியவைதான். பொருட்களின் வரிசை எடையைப் பொறுத்தது. முதலில் இருப்பது அதிகம். "பச்சைக் கோழி" முதலிடத்தில் நின்றால் அதில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் என்பதை மறக்கவேண்டாம். மூன்றாம் இடத்தில் நிற்கும் கோழித்தூள் அதைவிட அதிகப் புரதம் தந்துகொண்டிருக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரியது கால்சியம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நான்கு கிலோ எடையுள்ள இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 கலோரி தேவை. குட்டித்தீனியாகக் கொடுத்தால் 170 கிராம். அதிலேயே 40 கிராமுக்கு மேல் புரதமும், 2 கிராம் கால்சியமும் வந்துவிடும். அதே 600 கலோரியைச் சோறாகக் கொடுத்தால் 450 கிராம் சோறு; புரதம் 12 கிராம், கால்சியம் 50 மில்லிகிராம்கூடத் தேறாது. பாலை ஊற்றிச் சரிசெய்யலாம் என்றால் 2 கிராம் கால்சியத்துக்கு ஒன்றேமுக்கால் லிட்டர் பசும்பால் வேண்டும், குட்டிக்குப் பேதியாகிவிடும். நாயின் பாலில் பசும்பாலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் புரதமும் கொழுப்பும் இருக்கிறது, சர்க்கரையோ குறைவு. நம் தானியங்களில் கேழ்வரகுதான் கால்சியத்துக்கு ராஜா. அதிலும் அந்த அளவுக்கு அரைக் கிலோ மாவுக்கு மேல் கிண்டவேண்டும். கறி மட்டும் போட்டு வளர்ப்பது இன்னும் மோசம். நூறு கிராம் கோழிக்கறியில் கால்சியம் பத்துப் பதினைந்து மில்லிகிராம், பாஸ்பரஸ் 200. அந்த ஏற்றத்தாழ்வை ஈடுகட்ட உடம்பு குட்டியின் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். கறி தின்று கொழுகொழுவென்று இருக்கும் குட்டி ஒருநாள் திண்ணையிலிருந்து குதித்துக் காலை ஒடித்துக்கொள்வது இப்படித்தான்.

உடனே பயந்துபோய்க் கால்சியம் பாட்டில் வாங்கி ஊற்றுகிறவர்கள் இன்னொரு பக்கம். இது நம்மூரில் பரவலான வழக்கம், தீனி விற்கும் கடையே பாட்டிலையும் சேர்த்து விற்கும். ஐந்தாறு மாதம் வரை குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது, கொடுப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளுக்குக் கூடுதல் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது எலும்பும் மூட்டும் கோணலாக வளர்ந்தன. பெரியதானால் 32 கிலோவைத் தாண்டும் இனங்களுக்குத் தீனியில் கால்சியம் 1.2 முதல் 1.8 சதவீதத்துக்குள் நிற்கவேண்டும் என்ற வரம்பு அதற்காகத்தான். ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர், கிரேட் டேன் வளர்ப்பவர்கள் பெரிய இனக் குட்டிக்கான பை என்று பார்த்து வாங்கவேண்டும். முழுத்தீனி தின்னும் குட்டிக்கு மருத்துவர் எழுதித் தராமல் கால்சியம் பாட்டில் வேண்டாம். கன்னி, சிப்பிப்பாறை இன நாய்களுக்கு மெலிவு பிறவி அழகு. விலா எலும்பு லேசாகத் தெரிகிறதே என்று அதற்கு இரட்டைப் பங்கு போடுவது பாசம் செய்கிற கெடுதல்.

எவ்வளவு போடுவது என்பதில் ஒரு நீண்ட ஆய்வு உண்டு. 1987இல் தொடங்கி 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி போட்டு, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவை சராசரியாக 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. 2002இல் முடிவு வெளியானது. ஆய்வைச் செய்தது தீனி விற்கும் ப்யூரினாவே என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். அட்டவணையில் போட்டிருக்கும் அளவு தொடக்கப் புள்ளி மட்டும். வாரம் ஒருமுறை குட்டியைத் தூக்கிக்கொண்டு எடைபோட்டு, இடுப்பு தெரிகிறதா என்று மேலிருந்து பார்த்துக் கூட்டிக் குறைக்கவேண்டும்.

170 கிராம் என்றால் மாதம் ஐந்து கிலோ, ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்க்குக் குறையாது. குட்டி வளர வளர அதுவும் வளரும். மில் சம்பளத்தில் இது சின்னத் தொகை அல்ல. முடியாதவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. கேப்பைக்களி, வேகவைத்த முட்டை, கோழி ஈரல், கொஞ்சம் பருப்பு என்று வீட்டுச் சாப்பாட்டிலும் வளர்க்கலாம். ஆனால் அப்போது கால்சியம் தனியாகச் சேர்த்தே ஆகவேண்டும், அந்த அளவைக் கால்நடை மருத்துவமனையில் குட்டியைக் காட்டி எழுதி வாங்கவேண்டும். இரண்டையும் கலந்து கொடுப்பவர்கள் முதல் ஆறு மாதமாவது முக்கால் பங்கைத் தீனிக்கு விடுவது நல்லது. வளர்ச்சி முடிந்தபின் சிக்கனம் பிடிக்கலாம். எது கொடுத்தாலும் வெங்காயமும் பூண்டும் வேண்டாம். திண்டுக்கல் சின்ன வெங்காயம் நமக்கு மருந்து, நாய்க்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் நஞ்சு. குழம்புச்சோறும் பிரியாணி மிச்சமும் அந்தக் கணக்கில் வரும். வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதுவும் வேண்டாம்.

புதுக்குட்டி வீட்டுக்கு வந்த அன்றே தீனியை மாற்றாதீர்கள். விற்றவர் என்ன கொடுத்தாரோ அதையே இரண்டு மூன்று நாள் கொடுத்து, பிறகு ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகப் புதியதைக் கூட்டுங்கள். பல் சரியாக வராத குட்டிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். ஊறியதை அரைமணிக்கு மேல் வைக்கவேண்டாம். நான்கு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. பூச்சி மருந்தும் பார்வோ வைரஸ் நோய்க்கான தடுப்பூசியும் போடாத குட்டிக்கு எந்த நாட்டுத் தீனி போட்டும் உடம்பில் ஒட்டாது.

பையை வாங்கினால் தீனியை வேறு டப்பாவில் கொட்டிவிட்டுப் பையைக் குப்பையில் போடாதீர்கள். பையோடு அப்படியே டப்பாவுக்குள் வைத்து, வாயை மடித்துக் கிளிப் போடுங்கள். திறந்த தேதியைப் பேனாவால் பையிலேயே எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் தீருகிற அளவே வாங்குங்கள். குட்டி வாந்தி எடுத்தாலோ கண் மஞ்சளித்தாலோ மருத்துவரிடம் போகும்போது குட்டியோடு அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.